பழைய வண்டியை உயர்த்துவதா, சீர்படுத்துவதா?

சிக்கனம் வேறு, மலிவு வேறு. கையிலுள்ள பொருளைப் பழுது பார்த்து, நெடுநாள் பயன் தரும்படி பேணுவது சிக்கனம். விலை குறைவு என்ற ஒரே காரணத்தால் ஒன்றை வாங்கிப் பொருத்திவிட்டு, அதன் விளைவுகளுக்குப் பின்னால் தவணை தவணையாகப் பணம் கட்டுவது மலிவு. பலருடைய பங்குப் பணத்தைக் காக்கும் பொறுப்பேற்றவர்கள் இவ்விரண்டையும் ஒன்றென மயங்கலாகாது. பழைய பிக்கப் வண்டி வைத்திருக்கும் சங்கங்களில் எழக்கூடிய ஒரு யோசனையை இந்த நோக்கிலேயே ஆராய விரும்புகிறேன்.

நூல் சிப்பங்களை ஏற்றி வரவும், நெய்த துணியை விற்பனை நிலையத்துக்குக் கொண்டு சேர்க்கவும், அறுவடைக் காலத்தில் காய்கறியையும் வாழைத்தாரையும் நெல் மூட்டைகளையும் சந்தைக்கு எடுத்துச் செல்லவும் பிக்கப் வண்டி உதவுகிறது. பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த பின் அதன் பின்புறம் தாழ்ந்துவிடுகிறது. வயல் வழிகளில் அடிப்பாகம் உரசுகிறது. அப்போது, ‘வண்டியை இரண்டு மூன்று அங்குலம் உயர்த்திவிடலாம், அதற்கென உதிரிப்பாகத் தொகுப்பு குறைந்த விலைக்குக் கிடைக்கிறது, ஒரே பகலில் மாட்டிவிடலாம்’ என்று யாரேனும் சொல்லுகிறார். கேட்பதற்கு இனிய யோசனை. ஆயினும், சுமை ஏற்றும் பழைய வண்டிக்கு இது பெரும்பாலும் ஏற்றதன்று என்பதே என் அபிப்பிராயம். முதலில் செய்ய வேண்டியது, வண்டியை அது பிறந்தபோது இருந்த உயரத்துக்கு மீட்பதே.

வழக்கம் வந்த வழி

பிக்கப் வண்டியை உயர்த்தும் வழக்கம் அமெரிக்காவில் ஓங்கி வளர்ந்தது. அங்கே இவ்வண்டிகள் பண்ணை வேலைக்கு மட்டுமன்றி, பாலைநிலத்திலும் பாறை வழியிலும் பொழுதுபோக்காக ஓட்டவும் பயன்படுகின்றன. பெரிய டயர் மாட்டுவதற்கு இடம் வேண்டி வண்டியின் உடலை உயர்த்தினார்கள். அப்படி ஓடும் வண்டியில் பெரும்பாலும் ஓட்டுபவரும் அவருடைய சிறு மூட்டைகளுமே இருப்பார்கள். சங்கத்து வண்டியின் வாழ்க்கையோ வேறு. அது நாள்தோறும் நிறை பாரத்துடன் நெடுஞ்சாலையில் ஓட வேண்டியது. ஓரிடத்துக்குப் பொருந்திய வழக்கத்தைப் பிறிதோரிடத்துக்கு அப்படியே எடுத்து வருவது விவேகமாகாது.

வண்டி ஏன் தாழ்கிறது?

தறியில் பாவு தொய்ந்துவிட்டால் நெசவாளர் என்ன செய்கிறார்? பாவை இழுத்து மீண்டும் விறைப்பாகக் கட்டுகிறார். தறிக்கால்களின் அடியில் கட்டை கொடுத்துத் தறியை உயர்த்துவாரில்லை. வண்டிக்கும் இந்த நியாயமே பொருந்தும். தாழ்ந்த வண்டி உயரம் போதாத வண்டி அன்று. ஏதோ ஒன்று தேய்ந்தோ, ஒடிந்தோ, களைத்தோ போன வண்டி.

பழைய பிக்கப் வண்டிகளின் பின்புறத்தைத் தாங்குவன ஸ்பிரிங் பட்டைகள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே சென்டர் போல்ட்டால் கோத்து, அச்சோடு யு போல்ட்டுகளால் இறுக்கியிருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் மிகைப்பாரம் ஏறினால் இவை வளைவை இழக்கும். பட்டைகளுக்கிடையே துருவும் மண்ணும் ஏறும். சென்டர் போல்ட் துளையருகே கீறல் விழுந்து ஒரு பட்டை ஓசையின்றி ஒடிந்திருக்கவும் கூடும். கண்ணில் உள்ள புஷ் தேய்ந்திருக்கும். ஷேக்கிள் ஆட்டம் கண்டிருக்கும். இத்தனை நோயையும் உள்ளே வைத்துவிட்டு, அச்சுக்கும் பட்டைக்கும் இடையே ஓர் இரும்புக் கட்டையைச் செருகினால் வண்டி உயரும் என்பது மெய். நோய் அப்படியே இருக்கும் என்பதும் மெய்.

இதைக் கண்டறியப் பெரிய கருவிகள் தேவையில்லை. சமதரையில் வெறும் வண்டியை நிறுத்தி, டயர்களில் உரிய அளவு காற்றடைத்து, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் மேலேயுள்ள மட்கார்டின் விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்க. இடமும் வலமும் வேறுபட்டால் ஒரு பக்கத்துப் பட்டை களைத்தோ ஒடிந்தோ இருக்கிறது என்று ஐயுறலாம். அதே வகை வண்டி நல்ல நிலையில் வேறொருவரிடம் இருந்தால், அதையும் அளந்து ஒப்பிடலாம். கால் மணி நேர வேலை; பல ஆயிரம் ரூபாய்ச் செலவைத் தடுக்கக்கூடிய வேலை.

எது உயர்கிறது, எது உயர்வதில்லை?

மலிவுத் தொகுப்புகளில் வருபவை பெரும்பாலும் நான்கு வகை. ஒன்று, பின் அச்சுக்கும் பட்டைக்கும் இடையே வைக்கும் கட்டையும், அதற்கேற்ற நீண்ட யு போல்ட்டுகளும். இரண்டு, நீளமான ஷேக்கிள். மூன்று, அடுக்கில் கூடுதலாகச் செருகும் ஒரு பட்டை. நான்கு, முன்புறம் சுருள்வில் உள்ள வண்டிகளுக்கு அதன்மேல் வைக்கும் வளையம். முன்புறம் முறுக்குக் கம்பியால் தாங்கப்படும் வண்டியாயின், பொருள் ஒன்றும் வாங்காமலே அதன் திருகாணியை முறுக்கி உயர்த்திவிடுவதும் உண்டு.

இவை எல்லாம் சேஸிஸையும் அதன்மேல் உள்ள உடலையும் உயர்த்தும், அச்சை உயர்த்தமாட்டா. வயல் வழியின் நடுமேட்டில் முதலில் மோதுவது எது? பின் அச்சின் நடுவே உருண்டு தொங்கும் டிஃபரன்ஷியல் கூடு. அது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதை முடிவு செய்வது டயரின் விட்டம். மூன்று அங்குலக் கட்டை வைத்த பிறகும் அந்தக் கூடு முன்பிருந்த உயரத்திலேயே இருக்கும். எந்தக் குறைக்காகப் பணம் செலவிட்டோமோ, அந்தக் குறை தீராமலே போகலாம்.

டயரைப் பெரிதாக்கலாமே என்பர். விட்டம் 2 அங்குலம் கூடினால் அச்சு 1 அங்குலமே உயரும். அதற்கு ஈடாக இழுவை குறையும். மேட்டில் கியரைத் தாழ்த்த நேரும். வேகமானி பொய் சொல்லும். 27 அங்குல விட்டத்துக்குப் பதில் 29 அங்குல டயர் மாட்டினால், கருவி 60 காட்டும்போது வண்டி உண்மையில் 64 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

உயர்த்துவதால் நன்மையே இல்லை என்று நான் வாதிடவில்லை. சேஸிஸின் நடுப்பகுதியும், முன் பின் முனைகளும் மேலெழுவதால், வாய்க்கால் கரையைக் கடக்கும்போது வயிறு தட்டுவது குறையும். ஆனால் அந்த நன்மைக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதைக் கணக்கெழுதிப் பார்க்க வேண்டும்.

பாரமும் சாய்வும்

வண்டி கவிழாமல் நிற்கும் திறனை அளக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. இடது, வலது சக்கரங்களுக்கு இடையேயுள்ள அகலத்தில் பாதியை, வண்டியின் எடைமையம் தரையிலிருந்து இருக்கும் உயரத்தால் வகுக்க வேண்டும். அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2001 மாதிரி வண்டிகள் முதல், அவற்றின் கவிழும் வாய்ப்பை மதிப்பிட இந்தக் கணக்கையே கையாண்டது. எண் பெரிதானால் உறுதி மிகுதி. சிறிதானால் ஆபத்து மிகுதி.

உதாரணத்துக்கு, சக்கர அகலம் 55 அங்குலமும், பாரத்துடன் எடைமைய உயரம் 35 அங்குலமும் உள்ள வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 27.5-ஐ 35-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.79. வண்டியின் உடலையும் பாரத்தையும் 3 அங்குலம் உயர்த்தினால், அச்சும் சக்கரமும் இருந்த இடத்திலேயே இருப்பதால், மொத்த எடைமையம் ஏறத்தாழ 2.5 அங்குலம் உயரும். இப்போது 27.5-ஐ 37.5-ஆல் வகுக்க, 0.73 வருகிறது. வெறும் வண்டியாக ஓடுபவருக்கு இந்த வேறுபாடு பெரிதன்று. வைக்கோலையோ, துணி மூட்டைகளையோ ஆளுயரத்துக்கு அடுக்கிக்கொண்டு, கரைவழித் திருப்பத்தில் திரும்பும் ஓட்டுநருக்கு அது உயிர்ப் பிரச்சினை. மூட்டைகளின்மேல் ஆட்களையும் ஏற்றிச் செல்லும் தவறான வழக்கம் இன்னும் முற்றும் ஒழியவில்லை என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்பவற்றை விளக்க வேண்டியதில்லை. பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பும். பிக்கப் வண்டியிலும் அவ்வாறே. சுமை ஏறியபின் சமமாக நிற்க வேண்டும் என்பதற்காகவே, வெறும் வண்டியில் பின்புறம் சற்று உயர்ந்திருக்கும்படி அதை அமைக்கிறார்கள். அழகு கருதி முன்புறத்தை மட்டும் உயர்த்திச் சமமாக்கினால், பாரம் ஏறியதும் மூக்கு வானத்தைப் பார்க்கும். இரவில் அதன் விளக்கு எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கும்.

இன்னொரு பாரமும் உண்டு. அது தோளில் ஏறும் பாரம். தளம் 3 அங்குலம் உயர்ந்தால், 25 மூட்டை ஏற்றும் தொழிலாளி மொத்தத்தில் 75 அங்குலம், அதாவது ஆறடிக்கும் மேலாக, ஒரு மூட்டையைக் கூடுதலாகத் தூக்கியவராகிறார். இது ஒரு நடைக்கு மட்டும். இந்தச் செலவு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

பிரேக்கும் ஷாஃப்ட்டும்

எல்லாவற்றிலும் கவனிக்கத்தக்கது பிரேக் விஷயம். பல பிக்கப் வண்டிகளில், பின் சக்கரத்துக்குச் செல்லும் பிரேக் அழுத்தத்தைப் பாரத்துக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று இருக்கிறது. சேஸிஸுக்கும் பின் அச்சுக்கும் உள்ள இடைவெளியை ஒரு சிறு கம்பியின் மூலம் அது உணருகிறது. இடைவெளி குறைந்தால் ‘பாரம் இருக்கிறது’ என்று எண்ணி அழுத்தத்தை மிகுதியாக விடும்; இடைவெளி கூடினால் ‘வண்டி வெறுமையாக இருக்கிறது’ என்று எண்ணிக் குறைத்துவிடும். கட்டை வைத்து உயர்த்தியபின் அந்தக் கம்பியைத் திருத்தியமைக்காவிட்டால், நிறைபாரத்திலும் வால்வு வண்டியை வெறுமையானது என்றே கருதும். பின் பிரேக் தன் பங்கைச் செய்யாது. இறக்கத்தில் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் வண்டி நிற்கும். குறைந்த விலைத் தொகுப்பை விற்பவர் எல்லோரும் இதை எடுத்துச் சொல்லுவதில்லை.

பிரேக் ஹோஸும் அப்படியே. சக்கரம் பள்ளத்தில் இறங்கித் தொங்கும்போது அது விறைத்து இழுபடக்கூடாது. இழுபட்டால் பத்து ஆண்டு வயதான ரப்பர் எந்த நாளில் அறும் என்று சொல்ல இயலாது. ஷாக் அப்சார்பரின் நீளமும் போதாமற்போகும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் முன்னிலும் செங்குத்தாகச் சாய்வதால், இரு முனைகளிலும் உள்ள கிராஸ்கள் சமமற்ற கோணத்தில் சுழன்று வண்டியை அதிரச் செய்யும். கிராஸும் சென்டர் பேரிங்கும் விரைவில் தேயும். நீளமான ஷேக்கிள் மாட்டினால் அது நீண்ட அளவில் ஏறக்குறையப் பாதியே உயரமாகக் கிடைக்கும். 2 அங்குலம் நீண்டால் 1 அங்குலம். அதோடு அச்சும் சற்றுச் சுழன்று தன் கோணத்தை மாற்றிக்கொள்ளும். முன் அச்சில் இது நிகழ்ந்தால் ஸ்டியரிங் தானே நேராகத் திரும்பும் இயல்பு குன்றி, வண்டி சாலையில் அலையும். முன் அச்சில் கட்டை வைத்து உயர்த்துவது எக்காலத்தும் செய்யத்தகாதது. பிரேக் பிடிக்கும்போது முன் அச்சின்மேல் வரும் விசை அந்தக் கட்டையைப் புரட்டித் தள்ளப் பார்க்கும்.

ஆகவே தொகுப்பின் விலையோடு ஷாக் அப்சார்பர், பிரேக் ஹோஸ், சக்கர நேர்ப்பாடு, வால்வுக் கம்பித் திருத்தம், ஷாஃப்ட் கோணத்துக்கான ஆப்பு, விளக்குத் திருத்தம் ஆகியவற்றின் செலவையும் கூட்ட வேண்டும். கூட்டியபின் அது மலிவாகத் தோன்றாது. இவற்றை விட்டுவிட்டுத் தொகுப்பை மட்டும் மாட்டுவதோ, பிறர் உயிரை ஈடு வைத்துச் சேமிப்பதாகும்.

உயர்ந்த வண்டி வலிய வண்டி அன்று

ஒரு பட்டை கூடுதலாகச் செருகினால் அதிக மூட்டை ஏற்றலாம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஐந்து பட்டையுள்ள அடுக்கில் அதே கனமுள்ள ஆறாவது பட்டையைச் சேர்த்தால் அடுக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விறைப்பாகும் என்பது சரியே. அதனால் அச்சு வலுப்பெறவில்லை, பேரிங் பெரிதாகவில்லை, டயரும் பிரேக்கும் சேஸிஸும் பழையனவே. முன்பு பட்டை தாழ்ந்து ‘போதும்’ என்று எச்சரித்தது. இப்போது அந்த எச்சரிக்கையின் வாயை அடைத்துவிட்டோம், அவ்வளவே. மிகைப்பாரத்துக்கு, 2019-இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது என்பதை நிர்வாகக் குழுவினர் மறத்தலாகாது.

சட்டத்தின் வேறு சில பிரிவுகளும் இவ்விஷயத்தைத் தொடுகின்றன. வண்டியைத் தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கும் முரண்பாடு நேரும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. அனுமதிக்கப்படாத மாற்றத்துக்கு, உதிரிப்பாகங்களைப் பின்னர்ப் பொருத்துவது உட்பட, ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க 182அ பிரிவு இடம் தருகிறது. சிறிதளவு உயர்த்துவது இதில் அடங்குமா என்று வாதிடுவோர் உளர். வாதம் எப்படியாயினும், எட்டு ஆண்டுகளைக் கடந்த சுமை வண்டி ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற்றாக வேண்டும். அங்கே வினா எழுந்தால் விடையளிப்பவர் விற்பனையாளர் அல்லர்; சங்கத்தின் காரியதரிசி. விபத்து நேர்ந்தால், தெரிவிக்கப்படாத மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் வண்டிக்கான இழப்பீட்டை மறுக்கவும் இடமுண்டு.

செய்யத்தக்கது யாது?

‘எங்கள் ஊர் வழியைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்’ என்று விவசாய அங்கத்தினர் கூறுவது எனக்குக் கேட்கிறது. நியாயமான குரலே. கரிசல் மண்ணில் மழை பெய்தபின் சக்கரத்தடம் எவ்வளவு ஆழமாகும் என்பதை அறியாமல் நான் எழுதவில்லை. ஆனால் தடம் ஆழமானால் மோதுவது டிஃபரன்ஷியல் கூடு என்றும், கட்டை அதை உயர்த்தாது என்றும் முன்பே கண்டோம். ஒரு வண்டியை உயர்த்தும் பணத்தில் அந்த வழியின் மோசமான இடங்களில் சில நடை கப்பிக்கல்லும் சரளையும் கொட்டினால், சங்கத்து வண்டியோடு அங்கத்தினர் எல்லோருடைய வண்டியும் பயன் பெறும். ஒருவர் வண்டிக்குச் செய்வதைவிட எல்லோர் வழிக்கும் செய்வது கூட்டுறவுக்கு ஏற்ற காரியமன்றோ?

ஆகவே, பழைய வண்டியுள்ள சங்கங்கள் பின்வரும் வரிசையில் வேலை செய்வது நலம்.

1. நான்கு சக்கரத்திலும் உயரத்தை அளந்து பதிவேட்டில் எழுதுக. பட்டை மாட்டியிருக்கும் இடங்களில் சேஸிஸில் கீறலோ துருவோ உண்டா என்று பார்க்க. கீறிய சேஸிஸுக்கு முதலில் அதன் வைத்தியம், மற்றவை பிறகு.

2. தேய்ந்த புஷ், ஷேக்கிள் ஊசி, ஷாக் அப்சார்பர் ஆகியவற்றை மாற்றுக. புஷ் ரப்பராயின், வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கி நின்றபின்பே அதன் போல்ட்டை முடிவாக இறுக்க வேண்டும். தொங்கவிட்ட நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழியும்.

3. களைத்த பட்டையைச் சம்மட்டியால் அடித்து வளைவேற்றுவது குறைந்த செலவுதான். முறைப்படி சூடேற்றிப் பதப்படுத்தாத பட்டை விரைவில் மீண்டும் தாழும். இயன்றவரை தயாரித்தவர் குறித்த அளவிலேயே புதிய பட்டைகளை, இரு பக்கமும் சேர்த்து, மாற்றுக.

4. யு போல்ட்டும் சென்டர் போல்ட்டும் எப்போதும் புதியனவாக இருக்கட்டும். ஒருமுறை இழுத்து இறுக்கிய யு போல்ட்டை மறுபடி நம்புதல் கூடாது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறையும், 500 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறையும் மீண்டும் இறுக்குக.

5. இவ்வளவும் செய்தபின் மறுபடி அளந்து பார்க்க. பெரும்பாலான வண்டிகளில் இழந்த உயரம் இந்நிலையிலேயே திரும்பிவிடும். அதன் பின்னும் வழியின் நிமித்தம் உயரம் தேவை என்று மெய்ப்பிக்கப்பட்டால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டறிந்து, 1 அங்குலத்துக்கு மேற்படாமல், பிரேக் வால்வையும் ஹோஸையும் உடன் திருத்தக்கூடிய பட்டறையில் செய்துகொள்ளலாம். முன் அச்சில் கட்டை எந்நிலையிலும் வேண்டா.

இந்த வரிசையில் முதல் நான்கும் முடிவதற்கு முன் ஐந்தாவதைப் பற்றிப் பேசுவோரைப் பொதுக்குழுவில் நயமாக அமரச் செய்யலாம். ‘அளந்தீர்களா? பட்டையைக் கழற்றிப் பார்த்தீர்களா? ஓட்டுநரைக் கேட்டீர்களா?’ என்ற மூன்று கேள்விகள் போதும். வண்டியோடு நாள்தோறும் வாழ்பவர் ஓட்டுநர். மூட்டையைத் தோளில் தாங்குபவர் சுமைத் தொழிலாளி. இவ்விருவர் சொல்லைக் கேளாமல் வண்டியைப் பற்றி எடுக்கும் தீர்மானம் அரைத் தீர்மானமே.

பழைய வண்டி சங்கத்தின் சொத்து. அதில் ஒவ்வோர் அங்கத்தினரின் பங்கும் இருக்கிறது. அது நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கட்டையின்மேல் ஏறி நின்று பெறும் உயரம் வேண்டா. தன் சொந்த வளைவை மீட்டுக்கொண்டு பெறும் உயரமே நிலைக்கும். அடுத்த பொதுக்குழு கூடுவதற்குள் ஓர் இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு வண்டியண்டை செல்லுங்கள். நான்கு எண்களைக் குறித்து வாருங்கள். விவாதம் அந்த எண்களிலிருந்து தொடங்கட்டும்.